நாற்காலியில் ஆள்

அபிலீன், டெக்சாஸ்
செப்டம்பர் 6

கென்னா,

என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாய். தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது. அதனால் தபால்.

நடந்தது எனக்கு அப்பா வழியாகத்தான் தெரியும். கால்டர் பல்கலைக்கழகத்தின் வாலிபால் கோச் ராஸ்மஸன் உன்னை நேரடியாகப் போனில் கூப்பிட்டிருக்கிறார். நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஊமை மாதிரி நின்றிருக்கிறாய். பிறகு மாடிக்குப் போய் என்னைத் தடுத்திருக்கிறாய். அப்பா என்னிடம் கேட்கிறார், "என்னடா பண்ணி வச்சே அவளுக்கு?"

என்ன பண்ணினேன்? வேலை பண்ணினேன். நம் ஓல்ஸ்டன் மாதிரி ஊருக்கு எந்தக் கல்லூரி கோச்சும் கார் ஓட்டிக்கொண்டு வரமாட்டார். பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு செட்டர், அடிப்பவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவள், தானே எழுதித் தன்னை விற்க வேண்டும். ஏப்ரலில் கடவுச்சொல்லைக் கொடுத்து "நீயே பாத்துக்கோ அண்ணா, எனக்குத் தலை சுத்துது" என்றது யார்? அப்பா எடுத்து அனுப்பிய ஆட்டங்களை எல்லாம் வெட்டி ஒட்டி வீடியோ செய்தேன். உன் பெயரில், உன் குரலில் ஐம்பதுக்கு மேற்பட்ட கோச்சுகளுக்கு எழுதினேன். உன் பெயரில் ஏன்? வீட்டார் எழுதினால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள், அதனால். நீயே எழுதிய மாதிரிக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? "ஹாய் கோச், எனக்கு வாலிபால் பிடிக்கும், உங்க காலேஜும் பிடிக்கும், நன்றி." இதற்கு யார் உதவித்தொகை கொடுப்பார்கள்?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ராஸ்மஸனின் செட்டர் அடுத்த மே மாதம் படிப்பு முடித்துப் போகிறாள். இடம் ஒன்றே ஒன்றுதான். நவம்பரில் ஒப்பந்தக் கையெழுத்து. இந்த வாரமே கூப்பிட்டு, அன்று லைன் சரியில்லை என்று சொல். அவருக்கு நான் எழுதியதன் நகல் இதோடு இருக்கிறது. படித்து மனப்பாடம் செய்துகொள். அது நீ.

வேட்

•

ஓல்ஸ்டன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 14

இன்ஜினியர் சார்,

எண்ணைத் திறக்கப் போவதில்லை. என்னோடு பேச வேண்டுமானால் எழுது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பதினேழு வருடத்தில் முதல் முறையாக நான் ஒரு வாக்கியத்தை முடிக்கப் போகிறேன்.

லைன் சரியாகத்தான் இருந்தது. நான் சமையலறையில் நின்று மிச்சமிருந்த சில்லிக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். கோச் ராஸ்மஸனின் குரல் நம் பல் டாக்டரம்மா குரல் மாதிரி, சாந்தமாக இருந்தது.

"கென்னா, உன் லெட்டர ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்மா."

"தேங்க்ஸ் கோச்."

"அந்தக் கான்சாஸ் சிட்டி மேட்ச். அம்மா போயிட்டாங்கன்னு தெரிஞ்சும் கடைசி செட் வரைக்கும் நின்னு ஆடினேன்னு எழுதியிருந்தியே. அத உன் வாயால கேக்கணும் போல இருக்கு. சொல்லேன்."

நான் என்ன சொல்ல? குளிர்பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் அம்மா ஒட்டிய மக்காச்சோளக் காந்தம் இன்னும் இருக்கிறது. சில்லி அடிப்பிடித்தது. அவர் "பரவால்ல, நேர்ல பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

உன் நகலைப் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். உன் கென்னா என்னைவிட ரொம்ப நல்ல பெண். ஆனால் அண்ணா, எனக்குத் தெரியாது. அம்மா போனது அன்றைக்கு எனக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் கிளப்பில் ஆட்டம் தொடங்கும் முன் எல்லாருடைய போனையும் ஒரு வாளியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஜெயித்த பிறகு ஷெல்பியும் நானும் பிரெட்ஸல் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். அப்பா வந்து "வா, வண்டிக்குப் போலாம்" என்றார். கார் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார். "அம்மா மத்தியானமே போயிட்டா கண்ணு." அதுவரைக்கும் என் கையில் பிரெட்ஸல் இருந்தது. அதன் உப்பு இன்னும் என் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

நீ என் அழுகையைத் திருடி எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நடக்காத ஒன்றை என் பெயரில் ஐம்பது பேருக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த ஆட்டத்தைத்தான் வீடியோவில் முதலில் வேறு வைத்திருக்கிறாய்.

கென்னா

•

அபிலீன்
செப்டம்பர் 20

கென்னா,

நீ தப்பாக நினைவு வைத்திருக்கிறாய். அடக்கத்தன்று சர்ச் கூடத்தில் அப்பா எல்லாரிடமும் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். "அவகிட்ட சொன்னேன். அப்பா, முடிச்சுட்டு வர்றேன்னா. முடிச்சுட்டுத்தான் வந்தா." கடைசிவரை அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த பெரியம்மா ஜேனட் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ மறுக்கவில்லையே? நான் அந்த நாளில் பரீட்சை எழுதிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், ஓமஹாவுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போது சேதி கேட்டவன். எனக்கு அப்பா சொன்னதுதான் தெரியும். அதைத்தான் எழுதினேன். பொய் எழுதவில்லை.

சரி, நீ சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள். அப்போதும் வாயைத் திறக்காதே. இந்த விளையாட்டில் ஒவ்வொருத்தியும் உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டித்தான் போடுகிறாள். தோள்பட்டை வலியை மறைக்கிறாள். உன் உயரத்துக்கு, அந்த ஒரு கதைதான் உன்னைக் குவியலிலிருந்து மேலே எடுத்தது. இதை நீ கேட்க விரும்பமாட்டாய். ஆனால் அதுதான் கணக்கு.

நினைவை வைத்துச் சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கும் அப்பா முக்காலியில் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வேட்

•

அபிலீன்
செப்டம்பர் 23

கென்னா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

இந்த மாதிரி வீடியோ செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். முதல் வேலையாக ஒலியை அணைத்துவிட்டு, மேலே ஒரு பாட்டைப் போட்டுவிடுவது. பெற்றோர் கத்துவது கோச்சுகளுக்குப் பிடிக்காது. அதனால் அந்த ஆட்டத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூடக் கேட்டதில்லை. காற்றாலையில் என் வேலையே சத்தத்தை வைத்துப் பல்சக்கரத்தில் எங்கே விரிசல் என்று கண்டுபிடிப்பது. என் வீட்டுச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

கடைசி செட் நடுவில் அப்பாவின் போன் அடிக்கிறது. மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

"சொல்லு ஜேனட்."

ரொம்ப நேரம் காலணிகள் கிறீச்சிடுவது மட்டும் கேட்கிறது. பிறகு:

"இல்ல. இப்ப சொல்ல வேணாம். நாற்காலியில ஆள் இருக்கு. கால்டர் ஜாக்கெட். இவளத்தான் பாத்துட்டு இருக்கு அந்தம்மா."

அவ்வளவுதான். போனை வைக்கிறார். அடுத்த பந்தை நீ எடுத்துக் கொடுக்கிறாய், ஷெல்பி அடிக்கிறாள், புள்ளி. அப்பா கைதட்டுகிறார். "அப்படிப் போடு கென்னா!" என்று கத்துகிறார். குரல் பாதியில் உடைகிறது. மறுபடி கைதட்டுகிறார். செட் முடியும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறார், எதிர் அணி புள்ளி எடுக்கும்போதும்.

உனக்குத் தெரியாது என்று நீ சொன்னது சரி. நான் எழுதியது தவறு.

வேண்டுமானால் அந்தப் பகுதியை அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அழிக்கமாட்டேன், ஆனால் அனுப்பமாட்டேன்.

கோச்சிடம் என்ன சொல்வது என்று கேட்காதே. தெரியவில்லை.

வேட்

•

ஓல்ஸ்டன்
அக்டோபர் 9

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்து உன்னைத் திட்டி முடிப்பதற்குள் இரண்டாவது. அன்று சர்ச் கூடத்தில் எல்லார் முன்னாலும் அப்பாவை நான் எப்படி மறுப்பேன்? இப்போது அனுப்பாதே. நான் சொல்லும்போது அனுப்பு.

நாற்காலி. எனக்கும் அந்த நாற்காலி ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் பத்தாவது. அந்த வயதில் கோச்சுகள் எங்களோடு பேசக்கூடாது, பக்கத்தில் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று விதி. அதனால் கோர்ட்டு ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்வதுதான் அவர்களுடைய பேச்சு. கால்டர் ஜாக்கெட் எங்கள் கோர்ட்டில் உட்கார்ந்ததும் மொத்த அணியும் கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

சனிக்கிழமை கால்டருக்கு அழைத்திருந்தார்கள், வந்து பார்த்துப் போக. அப்பா ஓட்டினார். வழி முழுக்கச் சோள அறுவடை பற்றிப் பேசினார். தீவன ஆலைக்கு வரும் சோளத்தில் ஈரப்பதம் அதிகமாம். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

அங்கே போனதும் எனக்கு ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். ஊதா நிறம், 4ஆம் எண், முதுகில் நம் குடும்பப் பெயர், ஹாவ்லிக். வெளிச்சமெல்லாம் போட்டுப் புகைப்படம் எடுத்தார்கள். பந்தைத் தலைக்கு மேல் பிடி, சிரிக்காதே, முறை. நான் முறைத்தேன். அண்ணா, நன்றாக இருந்தது. அந்தச் சட்டை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மீதி எல்லாம் சுலபமாக நடந்த மாதிரி ஆகிவிடும்.

அப்பாவை உணவுக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் சட்டையோடு கோச்சின் அறைக்குப் போனேன். உட்காராமலே சொன்னேன்.

"கோச், அந்த லெட்டர் நான் எழுதல. எங்க அண்ணன் எழுதினது."

அவர் சிரித்தார். "பாதிப் பேருக்கு அப்பா எழுதறாரு. மீதிப் பேருக்குக் காசு வாங்கிட்டு எவனோ எழுதறான். அது எனக்குப் பழகிப் போச்சு. உக்காரு."

"அது மட்டுமில்ல. அம்மா போனது எனக்குத் தெரியாது. மேட்ச் முடிஞ்சப்புறந்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா ஆடியிருக்க மாட்டேன்."

இதற்கு அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நான் அன்னைக்கு உங்க கோர்ட்டோரந்தான் உக்காந்திருந்தேன் கென்னா. ஒரு டைம்-அவுட்ல நீ எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சே. வாயில இருந்த தண்ணியத் துப்பிட்டே. லெட்டர் வந்தப்போ யோசிச்சேன். அம்மா போனது தெரிஞ்ச புள்ள இப்படிச் சிரிக்குமான்னு."

"அப்புறம் ஏன் கோச் என்னக் கூப்பிட்டீங்க?"

"சிரிச்சது தப்பில்லையே. எது உண்மைன்னு தெரிஞ்சுக்கத்தான் போன்ல கேட்டேன். நீ சொல்லல."

"இப்ப சொல்றேன்ல."

"இப்ப சொல்றே." அவர் என் சட்டையைப் பார்த்தார். "போட்டோ எடுத்தப்புறம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் சட்டையைக் கழற்றி மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் அப்பா, "எப்படிம்மா போச்சு?" என்றார். "நல்லாப் போச்சுப்பா" என்றேன். பார், பொய் சொல்ல எனக்கும் வருகிறது.

அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஷெல்பி முழங்கால் உறையைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நீ பதிவில் பார்த்துச் சொல். அந்தச் சிரிப்பு, ஜேனட் பெரியம்மா போன் வருவதற்கு முன்னா, பின்னா?

கென்னா

•

அபிலீன்
அக்டோபர் 17

கென்னா,

பின்.

போன் முதலில். "நாற்காலியில ஆள் இருக்கு" என்று சொல்வது அதே போனில். அதன் பிறகு சில புள்ளிகள் போகின்றன, பிறகு எதிர் அணி டைம்-அவுட் கேட்கிறது. உன் சிரிப்பு கேமராவரைக்கும் கேட்கிறது. அப்பாவின் மூச்சும் கேட்கிறது. வரிசையில் சந்தேகமே இல்லை.

நேற்று அப்பா கூப்பிட்டார். கால்டரிலிருந்து உனக்குப் போன் வந்ததாம். இடம் கான்சாஸிலிருந்து வந்த வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. உனக்கு உதவித்தொகை கிடையாது, வேண்டுமானால் சொந்தச் செலவில் சேர்ந்து அணியில் ஆடிப் பார்க்கலாம். அந்தச் செலவு நம்மால் ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும். அப்பா என்னிடம் கத்தினார். "ரெண்டு வருஷமா அந்த ஒரு காலேஜுக்காகத்தான்டா நாயா அலைஞ்சேன்! என்ன சொல்லித் தொலைச்சா அங்க?" நீ அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. முதல் தடவையாக அவர் கத்தும்போது நான் திருப்பிக் கத்தவில்லை. அந்தக் கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கோச் செய்தது நியாயமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நீ உண்மையைச் சொன்னதற்காக இடத்தை மறுத்தாரா, லேட்டாகச் சொன்னதற்காகவா, அல்லது அந்தக் கான்சாஸ்காரி உன்னைவிட உயரமா? மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை.

மற்ற கோச்சுகளுக்கு அந்தக் கதை இல்லாமல் வேறு மாதிரி எழுதட்டுமா? கேட்கிறேன். ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டியது.

26ஆம் தேதி கடைசி வருடப் பெண்களைக் கௌரவிக்கும் ஆட்டம் என்று அப்பா சொன்னார். பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குள் நடந்து வருவீர்களே, அது. எனக்கு வர முடியாது. பல்சக்கரப் பெட்டி மாற்றக் கிரேன் அந்த வாரம்தான் வருகிறது. உன் இன்னொரு பக்கம் யார் நடப்பார்கள் என்று யோசித்தேன். 

நீ இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியை ஒரு பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போன மாதம் வேறு மாதிரி சொன்னேன், தெரியும். உன் கையில் இருக்க வேண்டியது என் கையில் இருப்பது சரியாகப் படவில்லை. கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

வேட்

•

ஓல்ஸ்டன்
அக்டோபர் 28

அண்ணா,

யாருக்கும் எழுதாதே. நானே ஒன்று எழுதிவிட்டேன், பக்கத்து மாவட்டத்து இரண்டாண்டுக் கல்லூரிக்கு. "நான் கென்னா ஹாவ்லிக். செட்டர். உயரம் குறைவு, கை நல்லது. பார்க்க வருவீர்களா?" இவ்வளவுதான். உனக்கு நெஞ்சு வலிக்கும், தெரியும். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

பென் டிரைவை இரண்டு நாள் காலுறைக்குள் வைத்திருந்தேன். பிறகு கேட்டேன். ஒரு முறை. அப்புறம் 26ஆம் தேதி பள்ளிக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும், அப்பா கதவைத் திறக்கும் முன், மடிக்கணினியை அவர் மடியில் வைத்து ஓட விட்டேன். பூங்கொத்து இருவருக்கும் நடுவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஷெல்பியின் அப்பா பார்பெக்யூ அடுப்பைத் தள்ளிக்கொண்டு போனார், எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அப்பாவும் கையாட்டினார்.

முடிந்ததும் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சிரிச்சிட்டு இருந்தே கென்னா. எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சே. அந்தச் சிரிப்ப நிறுத்த எனக்கு மனசு வரல. அதான் சொல்லல."

"நாற்காலியில ஆள் இருக்குன்னு சொன்னீங்களேப்பா."

"ஜேனட்கிட்ட எதையாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

நீ எழுதிய வரிசை எனக்குத் தெரியும். முதலில் நாற்காலி, அப்புறம்தான் சிரிப்பு. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. இரண்டு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது போல. அல்லது இரண்டுமே நடந்ததா? மன்னித்தேனா என்று கேட்காதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எதிர் அணி எடுத்த புள்ளிக்கும் கைதட்டினாரே.

"ஊர் பூரா ஏன்ப்பா தெரிஞ்சே ஆடினான்னு சொன்னீங்க?" என்றேன்.

"வேற எப்படிச் சொல்றது?" என்றார். "என்னப் பத்தியா சொல்றது?"

பிறகு "இரு" என்று இறங்கிப் போனார். எங்கே என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உடை மாற்றிக்கொண்டு அரங்க வாசலில் வந்து வரிசையில் நின்றேன். கணக்கு வாத்தியார் ட்வோராக்தான் மைக்கில். ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் வீட்டார் எழுதிக் கொடுத்ததைப் படிப்பார். ஷெல்பிக்கு ஒரு பக்கம் படித்தார், அவளுடைய நாய்ப் பெயர் உட்பட. அடுத்து நான்.  கான்சாஸ் சிட்டி வரப் போகிறது, மொத்த ஊரும் எழுந்து நின்று அழப் போகிறது, நான் அதன் நடுவில் நடக்க வேண்டும்.

ட்வோராக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"கென்னா ஹாவ்லிக்," என்றார். "செட்டர். கூட அவங்க அப்பா."

அவ்வளவுதான். அப்பா இறங்கிப் போனது அந்தத் தாளை மாற்றிக் கொடுக்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கூட்டம் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தது. அந்த அமைதியில் நாங்கள் நடந்தோம். அப்பா இடது பக்கம். வலது பக்கம் யாருக்கும் கொடுக்கவில்லை, பூங்கொத்தை அந்தக் கையில் வைத்துக்கொண்டேன்.  நடுக்கோட்டுக்கு வந்த பிறகுதான் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். நான் நன்றாக ஆடினேன். உனக்கு ஆதாரம் வேண்டும், இல்லையா? கிடையாது. முக்காலி வண்டியிலேயே கிடந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தார். வெட்டவும் ஒட்டவும் உனக்கு அனுப்ப ஒன்றுமில்லை.

உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. எழுது.

கென்னா